ரெசினுக்குள் பழைய பிளாஸ்டிக்: எதைக் கலக்கலாம், எவ்வளவு கலக்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கழிவுப் பிளாஸ்டிக்கை பைபர் (கண்ணாடியிழை) வேலைக்குரிய ரெசினோடு கலப்பது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கராஜ் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள், இரசாயனவியல் படிப்பிப்பவர்களும் கேட்கிறார்கள். ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்கும் தேவைப்படும் என்பதால் இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வெப்பமிறுக்கும் பிளாஸ்டிக் ஒருமுறை இறுகிவிட்டால் அதை மறுபடி உருக்க முடியாது என்று உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கிறோம். அப்படியானால் மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்கை அதனோடு எப்படிச் சேர்க்கிறார்கள்?
– ஆசிரியை, பதுளை

பதில்: சேர்ப்பதெல்லாம் இறுகுவதற்கு முன்னர்தான். பைபர் வேலைக்கு வாங்கும் பொலியெஸ்டர் ரெசின் டின்னுக்குள் இருக்கும்போது வெறும் பாகு. பொலியெஸ்டர் சங்கிலிகள் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்து கிடக்கும். ஹார்ட்னர் விழுந்ததும் ஸ்டைரீன் அந்தச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்து ஒரே வலையாக்கிவிடும். அதற்குப் பிறகு சூடாக்கினால் கருகுமே தவிர உருகாது.

பழைய பிளாஸ்டிக்கை உள்ளே விட மூன்று வழிகள் உண்டு. ஸ்டைரீனில் கரையக்கூடியதைக் கரைத்து ஊற்றலாம். மின்சாதனப் பெட்டிகளுக்குள் வரும் வெள்ளை நுரையான ரெஜிபோம் இந்த வகை. கரையாததைத் தூளாகவோ சிறு துண்டாகவோ கலக்கலாம். போத்தல் மூடி, பெட் (PET) போத்தல், குழாய்த் துண்டு எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது வழியில், பிளாஸ்டிக்கின் சங்கிலியையே இரசாயன முறையில் அறுத்து, அந்தத் துண்டுகளைக் கொண்டு புதிய ரெசினைக் கட்டுவார்கள். பெட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

வெப்பமிளகும் பிளாஸ்டிக்கை வெப்பமிறுக்கும் ரெசினோடு சேர்ப்பது புதிய யோசனையல்ல. 1941இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டில் நோர்மன் டி புருயின் உருவாக்கிய ரெடக்ஸ் என்ற பசையில், திரவ பீனோலிக் ரெசினைப் பூசி, அதன்மேல் பொலிவினைல் போமல் தூளைத் தூவி, அழுத்திச் சூடாக்கினார்கள். பீனோலிக் தனியாக இருந்தால் நொறுங்கும். தூள் அதற்கு இழுபடும் தன்மையைக் கொடுத்தது. விமானத்தின் உலோகத் தகடுகளையே அதனால் ஒட்டினார்கள். ஆனால் அங்கே தூவியது புதிய, சுத்தமான, இன்னதென்று தெரிந்த தூள். நமக்குக் கிடைப்பது பழைய சாமான் கடையில் குவிந்து கிடப்பது. வேலையில் பாதி அதைப் பிரித்தெடுப்பதிலேயே போய்விடும்.

கேள்வி: வான், லொறி பொடிகளுக்கு பைபர் ஒட்டும் வேலை செய்கிறேன். ரீவி, பிரிட்ஜ் வந்த ரெஜிபோம் நிறையக் கிடக்கிறது. அதை ரெசினில் கரைத்தால் ரெசின் செலவு குறையும் என்கிறார்கள். அசிட்டோனில் கரைத்து ஊற்றலாமா? எவ்வளவு போடலாம்?
– கராஜ் உரிமையாளர், ஹட்டன்

பதில்: கரைக்கலாம், ஆனால் அசிட்டோனில் அல்ல. அசிட்டோன் ரெஜிபோமை முழுதாகக் கரைக்காது. உப்பவைத்து, காற்றை வெளியேற்றி, பசைபோன்ற கட்டியாக்கிவிடும். அதை ரெசினில் போட்டால் கட்டி கட்டியாகவே நிற்கும். இன்னொரு கேடும் உண்டு: அசிட்டோன் ரெசினோடு பிணையாது. இறுகிய பைபருக்குள் சிறைப்பட்டு, மெல்ல மெல்ல வெளியேறி, நுண்துளைகளையும் மெதுமையையும் விட்டுச்செல்லும். தின்னர், பெற்றோல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ரெசின் விற்கும் கடையிலேயே ஸ்டைரீன் கேட்டு வாங்குங்கள். ஸ்டைரீன் ஹார்ட்னர் பட்டதும் தானும் இறுகிப் பிளாஸ்டிக்கின் பகுதியாகிவிடும்.

முதலில் பொருள் சரியானதா என்று பாருங்கள். உடைத்தால் உருண்டை உருண்டையாக மணிகள் தெரிவதே ரெஜிபோம், அதாவது பொலிஸ்டைரீன். மடித்தால் உடையாமல் வளையும் வெள்ளை நுரை பொலித்தீன் வகை. அது ஸ்டைரீனில் கரையாது. மஞ்சள் நுரை பொலியூரித்தேன், அதுவும் கரையாது. சோற்றுப் பெட்டிகள் 2017 செப்டெம்பர் முதல் தடை என்பதால் இப்போது கிடைப்பது பெரும்பாலும் மின்சாதனப் பொதிதான். அது நல்லது, எண்ணெய் படாதது. கட்டிடச் சுவர்ப் பலகையிலிருந்து கழற்றிய ரெஜிபோமை மட்டும் தொடாதீர்கள். அவ்வகைப் பலகைகளில் தீத்தடுப்பானாக எச்பிசிடி என்ற புரோமின் சேர்மம் போடுவது நெடுங்கால வழக்கம். 2013இல் அது ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் பட்டியலில் ஏறியது. மீன் வந்த பெட்டியும் வேண்டாம். கழுவினாலும் கொழுப்பு போகாது.

அளவு இதுதான்: 700 கிராம் ஸ்டைரீனுக்கு 300 கிராம் ரெஜிபோம். 300 கிராம் என்பது பார்வைக்கு ஏறத்தாழ 15 லீற்றர் கொள்ளும் குவியல். ஒட்டுநாடா, லேபல் எல்லாம் உரித்து, வெயிலில் காயவைத்து, கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். மொத்தமாகத் திணித்தால் வெளியேறும் காற்று பாகுக்குள் மாட்டிக்கொண்டு நுரையாகும். மூடியுள்ள தகர டின் அல்லது ஸ்டெயின்லெஸ் பாத்திரம் பயன்படுத்துங்கள். யோகட் கப்பில் அளக்காதீர்கள். அதுவும் பொலிஸ்டைரீன்தான், அடி கழன்று எல்லாம் மேசையில் கொட்டும். ஒரு இரவு மூடிவைத்து, மறுநாள் நைலோன் காலுறையில் வடிகட்டி, குமிழி போகும்வரை இன்னும் சில மணி நேரம் விடுங்கள்.

இந்தப் பாகில் 10 முதல் 15 பங்கை 100 பங்கு ரெசினில் சேர்க்கலாம். அதற்கு மேல் ஏன் கூடாது என்றால், கணக்குப் பாருங்கள்: சாதாரண ரெசினில் ஏற்கனவே ஏறத்தாழ 38 சதவீதம் ஸ்டைரீன் இருக்கிறது. 15 பங்கு பாகு 10.5 பங்கு ஸ்டைரீனையும் 4.5 பங்கு பொலிஸ்டைரீனையும் கொண்டுவரும். மொத்தம் 115இல் ஸ்டைரீன் 48.5, அதாவது 42 சதவீதம். இன்னும் கூட்டினால் பைபர் மொறுமொறுப்பாகும், சுருக்கம் கூடும், வாசம் வாரக்கணக்கில் போகாது. ஆக, உள்ளே போன ரெஜிபோம் மொத்தத்தில் 4 சதவீதமளவு. ஸ்டைரீனுக்குக் கொடுத்த காசைக் கழித்தால் மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. செலவைக் குறைக்க இதைச் செய்யாதீர்கள் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

அப்படியென்றால் இதை ஏன் செய்கிறார்கள்? பொலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 7 சதவீதம் சுருங்கும். வாகன உறுப்புகள் செய்யும் பெரிய தொழிற்சாலைகளில் பொலிஸ்டைரீன் போன்றவற்றை இந்தச் சுருக்கத்தைக் குறைக்கவே சேர்க்கிறார்கள். 140 முதல் 160 பாகைச் சூடுள்ள இரும்பு அச்சில் ரெசின் இறுகும்போது பொலிஸ்டைரீன் தனித் துளிகளாகப் பிரிந்து விரிவடையும். அந்த விரிவும், பிறகு ஆறும்போது உண்டாகும் நுண்வெற்றிடங்களும் சுருக்கத்தை ஈடுசெய்யும். ஹட்டன் குளிரில், கையால் ஒட்டும் வேலையில் அந்தச் சூடு வராது. மேற்பரப்பில் கண்ணாடியிழை மேட்டின் (பாயின்) தடம் தெரிவது கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். பொலிஸ்டைரீன் பாகும் ரெசினும் நெடுநேரம் ஒன்றாக நிற்காது. டின்னை அப்படியே விட்டால் இரண்டு அடுக்காகப் பிரியும். ஹார்ட்னர் விடுவதற்குச் சற்று முன்னர் அடிவரை கலக்குங்கள். மேலே இருப்பதை மட்டும் அள்ளி ஒட்டினால் ஓரிடம் மெது, ஓரிடம் மொறுமொறுப்பு. அடுத்தது, இறுகியதும் துண்டு வெள்ளையாக மங்கும், கலர் போட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். வெளியே தெரியும் மேற்பூச்சான ஜெல்கோட்டுக்கு ஒருபோதும் வேண்டாம். பெற்றோல், டீசல் படும் இடம், பாரம் தாங்கும் பிராக்கெட், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கும் வேண்டாம். மட்கார்டின் உள்பக்கம், பெட்டி மூடி, அலங்காரப் பலகை போன்றவற்றுக்குப் போதும்.

கேள்வி: இங்கே குளிரில் பைபர் இரண்டு நாளானாலும் கையில் ஒட்டுகிறது. பிளாஸ்டிக் தூள் கலந்தது இன்னும் மோசம். ஹார்ட்னரைக் கூட்டிப்போட்டும் பார்த்தாயிற்று.
– பூச்சாடி செய்பவர், நுவரெலியா

பதில்: ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. மேல்தோல் மட்டும் பிசுபிசுத்து, உள்ளே கல்லாக இருந்தால் அது காற்றிலுள்ள ஒட்சிசனின் வேலை. நகத்தால் அழுத்தினால் உள்ளேயே பள்ளம் விழுந்தால் அது இறுகாத ரெசின். இரண்டுக்கும் மருந்து வேறு.

மேல்தோல் ஒட்டுவதற்கு, கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேருங்கள்: பரபின் மெழுகு 5 பங்கு, ஸ்டைரீன் 95 பங்கு. இதிலிருந்து ஒரு கிலோ ரெசினுக்கு 20 கிராம். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும். அதன்மேல் இன்னொரு பூச்சு போடுவதென்றால் மணல் கடதாசி போட்டுத் தேய்க்காமல் போடாதீர்கள், உரிந்து வரும். தட்டையான துண்டென்றால் மெழுகே தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் சீற்றை மேலே ஒட்டி, குமிழியைத் தள்ளிவிட்டால் போதும்.

உள்ளே இறுகாததற்குக் காரணம் பெரும்பாலும் குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் ரெசின் டின் 12 பாகையில் நிற்கும். ரெசினின் எதிர்வினை வேகம், சூடு 10 பாகை குறைந்தால் ஏறத்தாழ பாதியாகிவிடும். கொழும்பில் 20 நிமிடத்தில் ஜெல் ஆவது இங்கே ஒரு மணி நேரம் கடக்கும். அதற்குள் ஸ்டைரீன் பறந்துவிடும், மீதி சரியாகப் பிணையாது. ஹார்ட்னரைக் கூட்டுவதால் ஒரு அளவுக்கு மேல் பயனில்லை. ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம்தான் எல்லை. 30, 40 என்று போனால் ஹார்ட்னரோடு வரும் திரவம் ரெசினுக்குள் தங்கி அதை இன்னும் மென்மையாக்கும்.

செய்ய வேண்டியது, ரெசினையும் அச்சையும் அறையையும் சூடாக்குவது. மூடிய டின்னை 40 பாகை வெந்நீர் வாளியில் வைத்து 25 பாகைக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் வைக்கவே கூடாது. டின் சூடாகும்வரை மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த ரெசினைத் திறந்தால் மூடுபனியின் ஈரம் நேரே அதன்மேல் படியும். ஈரம், ஹார்ட்னரின் வேலையை முடுக்கிவிடும் கொபால்டைக் கெடுக்கும்; அதுதான் உங்கள் பிளாஸ்டிக் தூள் கலந்த துண்டு இன்னும் மோசமாவதற்குக் காரணம். கழுவிய தூள் கைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் துண்டுகளுக்கு இடையே நீர் நிற்கும். தகரத்தில் பரப்பி, 60 பாகைச் சூட்டில் சில மணி நேரம் வைத்து, ஆறியதும் காற்றுப் புகாத வாளியில் மூடிவிடுங்கள். மேட் சுருளையும் சீமெந்துத் தரையில் நிறுத்தாமல் பலகைமேல் வையுங்கள்.

கடையில் வாங்கும் ரெசின் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் கொபால்ட் ஏற்கனவே சேர்ந்திருக்கும். சேராததை வாங்கினால், 6 சதவீதக் கொபால்ட் கரைசலை ஒரு கிலோவுக்கு 2 முதல் 5 கிராம் வரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே ஹார்ட்னரை விடுங்கள். கொபால்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். ஒரே அளவுக் குவளையை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூட ஆபத்து.

ஒட்டிய மறுநாள் 40 பாகையில் 16 மணி நேரம், அல்லது 80 பாகையில் 3 மணி நேரம் சூடு கொடுத்தால் மிச்ச ஸ்டைரீன் பெருமளவு பிணைந்துவிடும். இறுகியதா என்று பார்க்க அசிட்டோனைத் தொட்டுத் தேய்ப்பது கராஜ்களில் வழக்கம். ரெஜிபோம் கலந்த துண்டில் அந்தச் சோதனை பொய் சொல்லும். நன்றாக இறுகியிருந்தாலும் பொலிஸ்டைரீன் துளிகள் அசிட்டோனில் இளகிப் பிசுபிசுக்கும்.

கேள்வி: எங்கள் இளைஞர் கழகம் தோட்டத்தில் பெட் போத்தல் சேகரிக்கிறது. அவற்றை வெட்டி ரெசினில் போட்டு நடைபாதைக் கல், பெஞ்ச் பலகை செய்யலாமா?
– கழகச் செயலாளர், மஸ்கெலியா

பதில்: செய்யலாம். ஆனால் வெறும் ரெசினும் போத்தல் துண்டும் என்று செய்தால் விலையும் தாங்காது, கல்லும் வெடிக்கும். மணலும் மாவும் சேர்த்தே செய்ய வேண்டும்.

முதலில் தரம் பிரியுங்கள். மூடியையும் கழுத்து வளையத்தையும் கழற்றி, லேபலை உரித்து, போத்தலை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். பெட்டின் அடர்த்தி 1.38, அது தாழும். மூடி பொலித்தீனோ பொலிப்புரொப்பிலீனோ, மிதக்கும். மிதப்பதை அள்ளி வேறாக வையுங்கள். தாழ்வதெல்லாம் பெட் அல்ல, பிவிசி லேபலும் தாழும். அதனால்தான் லேபலை முதலிலேயே உரிக்கச் சொல்கிறோம். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அலசி, இரண்டு தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

துண்டு 3 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. பெரிய செதில்கள் ஊற்றும்போது ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். பெட்டின் முகம் வழவழப்பு, ரெசின் அதைப் பிடிக்காது. கல் அடிபட்டால் அந்தச் செதில் ஓரமாகவே பிளக்கும். வெட்டிய துண்டைக் கரடுமுரடான மணலோடு வாளியில் போட்டு உருட்டினால் முகம் கீறுபட்டுப் பிடிப்பு கொஞ்சம் கூடும்.

ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டு அங்குலத் தடிப்புக் கல் ஒன்றுக்கு 10 கிலோ கலவை போதும்: ரெசின் 1.8 கிலோ, டொலமைட் மா 2.2 கிலோ, ஆற்று மணல் 5 கிலோ, பெட் துண்டு 1 கிலோ, ஹார்ட்னர் 27 கிராம். டொலமைட்டுக்கு அலைய வேண்டாம், தேயிலைக்குப் போடுகிற அதே டொலமைட்தான். அரித்து, உலர்த்தி எடுங்கள். மணலைத் தகரத்தில் வறுத்து ஈரம் போக்கி, முழுதாக ஆறவிடுங்கள். சூடான மணலில் ரெசின் ஊற்றினால் கலக்கி முடியும் முன்பே இறுகும், ஸ்டைரீன் ஆவியும் கிளம்பும். ரெசினில் ஹார்ட்னரை ஒரு நிமிடம் கலக்கி, பிறகு மா, பிறகு மணல், கடைசியில் பெட். அச்சுக்குள் பொலித்தீன் விரித்து, அடுக்கடுக்காகக் குத்தி இறுக்குங்கள். மூடித் துண்டைப் போட ஆசைப்பட்டால் அரைக் கிலோவோடு நிறுத்துங்கள். அது ரெசினைவிட இலேசானது; கலவை தளர்வாக இருந்தால் மேலே வந்து கூடிவிடும்.

மேல்பக்க 5 மில்லிமீற்றருக்குப் பெட் இல்லாத கலவையைப் போடுங்கள். கால் பட்டும் மழை பட்டும் தேய்ந்தால் பிளாஸ்டிக் துகள் வடிகாலுக்குப் போகும். மஸ்கெலி ஓயா களனி ஆற்றைச் சேர்கிறது, கொழும்பு அந்த ஆற்றைத்தான் குடிக்கிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் பெட்டிலிருந்து செய்த ரெசினால் இப்படிப்பட்ட கல்லைச் செய்து நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். தொழில்நுட்பம் சரி; விலைதான் சரிவராது. சாதாரண நடைபாதைக்குச் சீமெந்துக் கல்லே மலிவு. உரக் களஞ்சியத்தின் வடிகால், பட்டறி அமிலம் சிந்தும் இடம் என்று சீமெந்து அரித்துப்போகும் இடங்களுக்கு மட்டும் இதைச் செய்தால் கேட்பவர் இருப்பார்கள்.

கேள்வி: பெட் போத்தலையே பொலியெஸ்டர் ரெசினாக மாற்றலாம் என்று படித்தேன். அளவுகளோடு விளக்க முடியுமா? பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து காட்டலாமா?
– இரசாயனவியல் ஆசிரியர், கண்டி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. 200 பாகைக் கிளைக்கோல், கண்ணையும் மூச்சையும் எரிக்கும் மலெயிக் நீரிலி, எளிதில் தீப்பற்றும் ஸ்டைரீன் மூன்றும் ஒரே செய்முறையில் வருகின்றன. ஆவி உறிஞ்சும் கூண்டும் நைதரசன் வாயுவும் உள்ள பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குரிய வேலை இது. விளக்கம் மட்டும் சொல்கிறோம்.

பெட்டின் மீள்அலகு நிறை 192. எனவே 100 கிராம் பெட்டில் 0.52 மூல் தெரப்தலேற்றும், அதே அளவு எதிலீன் கிளைக்கோலும் இருக்கின்றன. இதற்கு 62 கிராம் புரொப்பிலீன் கிளைக்கோல், 0.5 கிராம் நாக அசற்றேற்று சேர்த்து, நைதரசனின் கீழ் 190 முதல் 200 பாகையில் மணிக்கணக்கில் மீளொடுக்கம் செய்தால் (அதாவது எழும் ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பிக் கொதிக்கவிட்டால்), கிளைக்கோல் எசுத்தர்ப் பிணைப்புகளைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கும். செதில்கள் மறைந்து தெளிந்த திரவமாவதே முதல் கட்டம் முடிந்ததற்கு அடையாளம்.

இப்போது மொத்தக் கிளைக்கோல் ஏறத்தாழ 1.34 மூல். பத்து சதவீதம் கிளைக்கோல் மிகையாக இருக்கட்டும் என்று வைத்தால், அமிலப் பக்கத்துக்கு 1.21 மூல் வேண்டும். 0.52 ஏற்கனவே பெட்டிலிருந்து வந்துவிட்டது, மீதி 0.69 மூலுக்கு 68 கிராம் மலெயிக் நீரிலி. 160 பாகையில் தொடங்கி மெல்ல 200க்கு ஏற்றி, வெளியேறும் நீரை வடித்தெடுக்க வேண்டும். கணக்குப்படி 12 மில்லிலீற்றர் நீர் வர வேண்டும். அமிலப் பெறுமானம், அதாவது மிஞ்சிய அமிலத்தின் அளவு, 30 முதல் 40க்கு இறங்கியதும் நிறுத்தி, ஆறவிட்டு, தானாக இறுகாமல் தடுக்கச் சிட்டிகையளவு ஐதரோகுயினோன் போட்டு, 133 கிராம் ஸ்டைரீனில் கரைத்தால் 38 சதவீத ஸ்டைரீனுள்ள ரெசின் ஏறத்தாழ 350 கிராம் கிடைக்கும்.

இந்தக் கணக்கை மாணவரோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். 350 கிராமில் போத்தலிலிருந்து வந்தது 100 கிராம்தான். ‘போத்தலில் செய்த ரெசின்’ என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது மீதி எண்ணெயிலிருந்து வந்த கிளைக்கோல், நீரிலி, ஸ்டைரீன் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கெடும் இடங்களும் உண்டு. புரொப்பிலீனுக்குப் பதிலாக எதிலீன் கிளைக்கோலை மட்டும் போட்டால் சங்கிலி ஒழுங்காக அடுக்கப்பட்டுப் பளிங்காகும். ஆறியதும் பால்போல் கலங்கி, ஸ்டைரீனில் நிற்காமல் பிரியும். புரொப்பிலீன் கிளைக்கோலின் பக்கக் கிளை அந்த அடுக்கைக் குலைப்பதால்தான் அதைத் தேர்கிறார்கள். பிவிசி லேபல் ஒன்றிரண்டு கலந்தாலே ஐதரசன் குளோரைட்டு வெளியேறி முழுத் தொகுதியும் கறுக்கும். காற்றுப் புகுந்தாலும் நிறம் கெடும். சூட்டை அவசரமாக ஏற்றினால் மலெயிக் இரட்டைப் பிணைப்புகள் அங்கேயே பிணைந்து குடுவைக்குள் ஜெல்லாகிவிடும். குடுவையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாடசாலையில் காட்ட விரும்பினால் அடர்த்திப் பிரிப்பைக் காட்டுங்கள். சாதாரணத் தண்ணீரில் மூடி மிதப்பதும் போத்தல் தாழ்வதும், செறிந்த உப்பு நீரில் பொலிஸ்டைரீன் கரண்டி மேலே எழும்புவதும் ஒரு பாடவேளைக்குப் போதுமானவை.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருக்கிறேன். வாட்டும் தொட்டியின் விசிறிக் கூட்டையும் பிளேட்டையும் இப்படிப்பட்ட ரெசினால் ஒட்டலாமா? பதப்படுத்த டிரையர் சூட்டைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: கூட்டின் வெளிப்பக்கம் மட்டும் சரி. கொழுந்து படும் பக்கத்துக்கும், அதன்மேல் காற்று போகும் உள்பக்கத்துக்கும் வேண்டாம். சுழலும் பிளேட்டுக்கு நிரப்புபொருள் கலக்காத நல்ல ரெசினும் நெய்த கண்ணாடியிழையும்தான், அதுவும் பிளேட்டைச் சமநிலை பார்க்கத் தெரிந்தவர் ஒட்ட வேண்டும். டிரையர் பக்கமே போகாதீர்கள். தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிவிடும். ஸ்டைரீன் வாசம் பிடித்த தேயிலையை எந்தத் தரகரும் தொடமாட்டார். பழைய இரும்புப் பீப்பாய்க்குள் இரண்டு பல்ப் தொங்கவிட்டால் 40 பாகை வரும், பதப்படுத்த அது போதும். ஸ்டைரீன் பறந்து முடிந்த மறுநாள் மட்டும் உள்ளே வையுங்கள்.

கேள்வி: மரக்கறித் தோட்டத்தில் மருந்துக் கேன்கள் சேர்ந்து கிடக்கின்றன. நன்றாகக் கழுவி நொறுக்கிக் கலக்கலாமா?
– விவசாயி, வெலிமடை

பதில்: வேண்டவே வேண்டாம். மருந்து கேனின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும். மூன்று முறை அலசினாலும் மேல்பரப்பில் உள்ளதுதான் போகும். ரெசினிலுள்ள ஸ்டைரீன் ஊறியதை மறுபடி வெளியே இழுக்கும், ரெசின் இறுகும் சூட்டில் ஆவியாகி உங்கள் மூச்சுக்குள் போகும். அலசி, துளையிட்டு, சேகரிப்பவரிடம் தனியாகக் கொடுங்கள்.

கேள்வி: ஹோட்டல்களுக்கு எபொக்சி மேசை செய்கிறேன். கலர் கலரான போத்தல் மூடித் துண்டுகளை உள்ளே போட்டால் அழகாக இருக்கும். ரெஜிபோம் கரைத்து எபொக்சியைத் தடிப்பாக்கவும் முடியுமா?
– தச்சர், எல்ல

பதில்: எபொக்சியில் ஸ்டைரீன் கிடையாது, அதனால் ரெஜிபோம் கரையாது. கரைக்கவென்று தின்னர் ஊற்றினால் மேசை மாதக்கணக்கில் நகம் பதியும்.

மூடித் துண்டு போடலாம். பொலித்தீனை எபொக்சி பிடிக்காது என்பதால் துண்டைச் சுற்றி வெள்ளிபோல் மினுங்கும் காற்றுக் கோடு வரும். கேஸ் டோர்ச் சுடரை ஒரு நொடிக்கும் குறைவாகத் துண்டுகளின்மேல் வீசினால் மேற்பரப்பு ஒட்சியேறிப் பிடிப்பு வரும். நீர்த்துளி விட்டுப் பாருங்கள்: உருண்டு நின்றால் போதவில்லை, பரவினால் சரி. அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். முதலில் 3 மில்லிமீற்றர் ஊற்றி, பிசினாக இருக்கும்போது துண்டுகளை அதில் பதித்து, பிறகு மேல் அடுக்கை ஊற்றினால் மிதக்காது. ஹார்ட்னரைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பொலியெஸ்டரில்போல இங்கே ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்ற முடியாது; விகிதம் தவறினால் இறுகாது.

கேள்வி: வீட்டின் பின் அறையில் இந்த வேலை செய்யலாமா? மிஞ்சிய ரெசினை என்ன செய்வது?
– வாசகர், பண்டாரவளை

பதில்: லயன் அறையில் செய்யாதீர்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு பாரம். சரிவில் கட்டிய வீடுகளில் அது தரையோடு ஊர்ந்து கீழ்வீட்டு விறகடுப்பு வரை போகும். 31 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி அது. திறந்த கொட்டகையில், இரண்டு பக்கமும் காற்றோட்டம் இருக்கும்படி செய்யுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பூட்டிய முகமூடியே வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் அந்த நொடியே ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வையே போகக்கூடிய பொருள் அது, கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். சிந்தினால் மரத்தூள் போட்டுத் துடைக்க வேண்டாம், தீப்பிடிக்கும். ஈர மணல் போடுங்கள்.

சேமித்து வைப்பதில் மட்டும் நம் குளிர் நமக்குச் சாதகம். இருட்டில், 25 பாகைக்குக் கீழே ரெசின் ஆறு மாதம் தாங்கும். ஹார்ட்னர் ஒரு அலுமாரியில், கொபால்ட் இன்னொன்றில்.

ஹார்ட்னர் விட்டு மிஞ்சிய ரெசினைக் கோப்பையிலேயே விட்டால் தடிப்பான கட்டி தன் சூட்டிலேயே புகையும். தகரத்தில் மெல்லிசாக ஊற்றி வெளியே வையுங்கள். ஏற்கனவே சூடாகத் தொடங்கிய கோப்பையை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் அதில் தண்ணீர் நிரப்புங்கள். முழுதாக இறுகி ஆறிய பிறகே குப்பையில் போடலாம். இறுகாததைப் பீலிக்கரை வடிகாலில் ஊற்ற வேண்டாம்.